பூவாடைக்காரிக்குப் பெயர் வைத்தவன்

காளவாய்மேடு,
அரியலூர் வழி
12.7.1998

அன்புள்ள தம்பி முத்துவேலுக்கு அண்ணி அமிர்தவல்லி எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அண்ணன், பிரவீணா, பெரியப்பா, நான், இரண்டு ஆடுகள் எல்லோரும் சுகம். உங்கள் சுகம்தான் ஒரே ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. 'நான் நலம்', 'நான் நலம்' என்று இன்னும் எத்தனை வருஷம் எழுதுவதாக உத்தேசம்? முப்பத்தாறு வயசாகிறது. 'நாங்கள் நலம்' என்று உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் ஊருக்கே சர்க்கரை கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கதை வந்த பத்திரிகையை அண்ணன் அரியலூர் ஸ்டேஷன் கடையில் வாங்கி வந்தார். பிரவீணா எல்லோருக்கும் சத்தமாகப் படித்தாள். அழவைத்துவிட்டீர்கள், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது நம் வீடுதானே? வாசல் வேம்பு, காரை பெயர்ந்த சுவர், அந்தக் காலத்தில் காளவாய்க்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம், அதில் நிற்கிற பச்சைத் தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. அந்தப் பள்ளத்தில் கால் தவறி விழுந்து சாகிறாளே ஒரு பெண், அவள் நம் பூவாடைக்காரியா?

நான் வாழ வந்த புதிதில் உங்கள் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். கல்யாணம் காதுகுத்து எது வந்தாலும் முதலில் அவளுக்குப் புடவை வைத்துக் கும்பிடுகிறோமே, அவள் பேர் என்ன அத்தை என்று. "கன்னியா செத்த பொண்ணு. எந்தத் தலைமுறையோ. வூட்டுப் பொண்ணேன்னு கூப்புட்டா போதும்" என்றார்கள். நீங்கள் சிந்தாமணி என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்ன பெயர் அது?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா அந்தப் பெயர் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். அவர் தானாக எழுந்து உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்று உங்களுக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அண்ணி

*

துறைமங்கலம்,
பெரம்பலூர்
21.7.1998

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். நான் நலம். (இந்த முறையும் ஒருமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அண்ணனுக்கு முட்டிவலி தேவலையா?

சிந்தாமணி என்பது எங்கள் ஆபீஸ் எதிரில் இருக்கும் பாத்திரக்கடையின் பெயர். பெயர் கிடைக்காமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன், போர்டு கண்ணில் பட்டது. கதை எழுதுகிறவன் பிழைப்பு இவ்வளவுதான். பெரியப்பாவை மூட்டைப்பூச்சி கடித்திருக்கும்.

வீடு நம் வீடுதான். எனக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதானே. கதையை முதலில் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். முடிவைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்ததும் போட்டார்கள். இப்போது வாசகர்கள் கட்டுக்கட்டாக எழுதுகிறார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது அண்ணி, ஒளிப்பானேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.
முத்துவேல்

*

காளவாய்மேடு
31.8.1998

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். நல்ல செய்தி. பிரவீணாவுக்கு நிச்சயம் முடிந்தது. ஆண்டிமடத்துப் பையன், பெயர் பிரேம்குமார், முந்திரித் தோப்பு இருக்கிறது, குணம் தங்கம். ஐப்பசியில் கல்யாணம். நீங்கள் வரவில்லை என்று பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு மணி நேர பஸ்ஸில் இருந்துகொண்டு சித்தப்பா வரவில்லை என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

பெரியப்பாவை மூட்டைப்பூச்சி கடிக்கவில்லை. "எங்க அக்கா சிந்தாமணி. என்னைய இடுப்புல தூக்கிட்டுப் போயி பள்ளத்துத் தண்ணியக் காட்டுவா. எண்பது வருசமா ஒரு பயலும் அவ பேரச் சொல்லல. முத்துவேலுதான் சொல்லியிருக்கான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அது கதை மாமா, பாத்திரக்கடைப் பெயர் என்றேன். "கடைக்காரன் எவன்ட்ட கேட்டு வச்சானாம்?" என்கிறார்.

வேடிக்கையைக் கேளுங்கள். எதிர்வீட்டுப் புஷ்பவல்லிக்கும் இப்போது சிந்தாமணியை ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றாகக் களையெடுத்தார்களாம். புஷ்பவல்லி இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததே நம் பிரவீணாவின் தாத்தா கல்யாணத்துக்குப் பிறகுதான்.

கல்யாணத்துக்காவது வந்து சேருங்கள்.
அண்ணி

*

பெரம்பலூர்
14.9.1998

அன்புள்ள அண்ணிக்கு, நான் நலம். பிரவீணாவுக்கு என் ஆசீர்வாதம். நிச்சயத்துக்கு வராததற்கு ஆபீஸ் வேலைதான் காரணம்.

கதை நன்றாக இருந்தால் படிக்கிறவர்கள் தங்கள் வீட்டு ஆளை அதில் பார்ப்பார்கள். திருச்சியிலிருந்து ஒருவர், சிந்தாமணி என் சித்திதான் என்று சத்தியம் பண்ணி எழுதியிருக்கிறார். பெரியப்பாவும் அப்படித்தான். விட்டுப் பிடியுங்கள்.

எனக்குத்தான் இங்கே வேறொரு தொல்லை. அடுத்த கதை வரவில்லை. ஆசிரியர் தீபாவளி மலருக்குக் கேட்டிருக்கிறார். ஒரு டீச்சரைப் பற்றி ஆரம்பித்தேன். நாலாவது பக்கத்தில் அவள் பள்ளிக்கூடம் போகாமல் பள்ளத்துப் பக்கம் நடக்கிறாள். கிழித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற பெண்ணை எழுதினேன். அவளும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேதான் போகிறாள். நான் எழுதவில்லை அண்ணி, கை போகிறது. எந்தப் பெண்ணை ஆரம்பித்தாலும் பச்சைத் தண்ணீரில் போய் முடிகிறது. ஆண்களைப் பற்றி மட்டும் எழுதலாம் என்றால், அவர்கள் கரையில் போய் நின்று எட்டிப் பார்க்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். அந்தக் கதையை இனிமேல் பிரவீணாவைச் சத்தமாகப் படிக்கவிட வேண்டாம். கல்யாணப் பெண் வாயில் சாவுக் கதை எதற்கு.

முத்துவேல்

*

காளவாய்மேடு
22.10.1998

தம்பி முத்துவேலுக்கு, சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுக் காலை பூவாடை அழைத்தோம். வழக்கம்போல நம் கிணற்றடியில்தான். குடத்தில் தண்ணீர், மல்லிகை, ஓலைப்பெட்டியில் மஞ்சள் கரைப் புடவை. நீங்களும் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். வூட்டுப் பொண்ணே வா என்று கூப்பிடுவோம், ஒருவரும் வரமாட்டார்கள், சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவோம். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

நேற்றுக் கட்டிலோடு கிணற்றடிக்குத் தூக்கிவரச் சொல்லிப் பெரியப்பாவே கூப்பிட்டார். "அக்கா சிந்தாமணி, வந்துரு" என்றார். என் பக்கத்தில் நின்ற பிரவீணா "ம்" என்றாள்.

நான் என்னடி என்று திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "கெணத்துல எதுக்குக் கூப்புடுறீங்க? நான் பள்ளத்துலல்ல கெடக்கேன்" என்றாள். குரல் பிரவீணா குரல்தான், தம்பி. அதுதான் பயமாக இருந்தது. பிறகு புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து, முந்தானையில் ஒரு நூலை உருவி, இடது சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டாள். தினமும் செய்கிறவள் மாதிரி அவ்வளவு சுருக்காகச் செய்தாள். பெரியப்பா எப்படி செத்தே அக்கா என்று அழுதார். "கால் தவறல. தள்ளுனாங்க. தள்ளுனவன் இங்க இல்ல" என்றாள்.

கூட்டத்தில் ஆண்டிமடத்துக்காரர்கள் இருந்தார்கள். பெண்ணைத் தள்ளிக் கொன்ற குடும்பமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் தாத்தாதான் தள்ளியிருப்பார் என்று ஊரே பேசுகிறது.

கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். கால் தவறியது என்றுதான் இருக்கிறது. நூல் சமாசாரம் எங்கேயும் இல்லை. அது என்ன தம்பி?

உடனே வரவும்.
அமிர்தவல்லி

*

காளவாய்மேடு
5.11.1998

தம்பிக்கு, போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இங்கே நலமில்லை. பிரவீணா காலையில் பள்ளத்துக்கரையில் போய் உட்கார்ந்தால் இழுத்துக்கொண்டுதான் வரவேண்டியிருக்கிறது. விரலில் நூல் அப்படியே இருக்கிறது. அவிழ்க்கப் போனால் கையை மூடிக்கொள்கிறாள். முகூர்த்தம் தவறிவிட்டது. எழுதவும்.
அண்ணி

*

பெரம்பலூர்
12.11.1998

அன்புள்ள அண்ணிக்கு, நான் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும், காய்ச்சல்.

ஆண்டிமடத்துச் சம்பந்திக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். அப்படி ஒரு பெண் நம் குடும்பத்தில் இருந்ததே இல்லை, பெயர் உட்பட எல்லாம் என் கற்பனை, தாத்தா ஓர் எறும்பைக்கூட மிதித்ததில்லை என்று விளக்கமாக எழுதி, பத்திரிகைப் பிரதியும் வைத்திருக்கிறேன். படித்தவர்கள், புரிந்துகொள்வார்கள். பிரவீணாவை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். கல்யாண நேரத்துக் கலவரம்தான், வேறொன்றுமிராது.

வேலை அதிகம். வர முடியவில்லை.
முத்துவேல்

*

காளவாய்மேடு
26.11.1998

தம்பி முத்துவேலுக்கு,

உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தது. சம்பந்தி அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பிச் சொன்னாராம்: "கதை எழுதுறவரு பொய்யின்னு சொன்னா எப்படிங்க நம்புறது? அவருக்கு அதானங்க தொழிலு?"

டாக்டர் பார்த்தார். உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்.

நான் எட்டாவது வரை படித்தவள். ஆனால் உங்கள் கதை ஒன்று விடாமல் படித்தவள். நீங்கள் எதையாவது மறைக்கும்போது கடிதத்தில் வேலை அதிகம் என்று எழுதுவீர்கள். நூலைப் பற்றிக் கேட்டேன், காய்ச்சல் என்கிறீர்கள். டாக்டர் என்கிறீர்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

நேற்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னைத் தள்ளினவன் யாரம்மா என்று மெதுவாகக் கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னாள். "நல்லாத்தாங்க இருந்தேன். ஆண்டிமடத்துல முந்திரித் தோப்புக்குள்ள வூடு. ரெண்டு புள்ளைங்க. அப்புறம் அவரு என்னைய திருப்பிக் கூட்டியாந்து பள்ளத்துல போட்டுட்டாரு" என்றாள்.

அவரு என்றால் யார் தம்பி? எனக்கு இருப்பது ஒரே பெண். உங்கள் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன்.

அமிர்தவல்லி

*

பெரம்பலூர்
7.12.1998

அண்ணி,

நான்தான்.

நூல் என்னுடையது. முதலில் எழுதிய கதையில் இருந்தது. புதுப் புடவை கட்டும்போதெல்லாம் சிந்தாமணி முந்தானையில் ஒரு நூல் உருவிச் சுண்டுவிரலில் சுற்றிக்கொள்வாள் என்று எழுதி, கதைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அடித்துவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். என்னைத் தவிர ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. உங்கள் கடிதத்தில் அதைப் படித்த அன்றுதான் காய்ச்சல் வந்தது.

அந்த முதல் கதையில் அவள் சாகவும் இல்லை. ஆண்டிமடத்தில் கட்டிக்கொடுத்தேன். தோப்புக்குள் வீடு, இரண்டு பிள்ளைகள். பிரவீணாவுக்கு அப்போது வரனே பார்க்கவில்லை, ஊரை நானாகத்தான் போட்டேன். ஆசிரியர் முடிவு சப்பென்று இருக்கிறது என்று திருப்பினார். ஒரு மத்தியானம் உட்கார்ந்து அவளைப் பள்ளத்துக்குக் கூட்டி வந்து முடித்துவிட்டேன். சொன்னால் வெறுப்பீர்கள். அந்த வரியை எழுதியபோது எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. கால் தவறினாள் என்று எழுதியதற்குக் காரணம், தள்ளினேன் என்று எழுதக் கதையில் இடமில்லை என்பதுதான்.

பெயரில்லாமல் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்தவள். நான் பெயரும் கொடுத்து, வாழ்க்கையும் கொடுத்து, பிறகு பிடுங்கிக்கொண்டேன். அவள் கேட்பது நியாயம். ஊருக்கு வராமல் இருந்ததும் இதனால்தான். அவளை நேரில் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

இருபது நாளாக அவளை எழுப்பிக் கரையேற்ற எழுதுகிறேன். பள்ளத்தைவிட்டு வரமாட்டேன் என்கிறாள். என்னை நம்பவில்லை. எழுதி எழுதி நேற்றுத்தான் ஏறி வந்தாள். ஈரத்துணியோடு ரோட்டுக்கு வருகிறாள், பஸ் வருகிறது, ஆண்டிமடத்துக்கு டிக்கெட் கேட்கிறாள், அத்தோடு கதை முடிகிறது. அவள் காலத்தில் பஸ் உண்டா என்று கேட்காதீர்கள். இதோடு வைத்திருக்கிறேன். பள்ளத்துக்கரையில் அவள் காது கேட்க நீங்கள் படியுங்கள். பிரவீணா படிக்க வேண்டாம்.

முத்துவேல்

*

காளவாய்மேடு
4.1.1999

அன்புள்ள தம்பி முத்துவேலுக்கு,

இங்கே அனைவரும் நலம். இந்த வரியை எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா. பிரவீணா நேற்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததை வாங்கி வரவில்லையே என்று என்னோடு சண்டை போட்டாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. தை கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் என்று ஆண்டிமடத்திலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் அனுப்பியதைப் படிக்கும்போது சம்பந்தி அம்மாளையும் வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டிருக்கலாம். நீங்கள் என்னிடம் மறைக்காமல் சொன்னீர்கள், நானும் சொல்கிறேன்.

கரையில் உட்கார்ந்து படித்தேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கதையில் சிந்தாமணி கரையேறுகிற இடத்தில் பிரவீணா புடவை முழங்கால் வரை ஈரமாகிவிட்டது. என் பெண் தண்ணீரில் இறங்கவே இல்லை. பஸ் வந்தது. ஏறினாள். எங்கேம்மா என்று கண்டக்டர் கேட்டார். ஆண்டிமடம் என்று எழுதியிருந்தது. என் பெண் வாழப்போகிற ஊர் தம்பி அது. இவளை நானே அங்கே ஏற்றி அனுப்பவா? என் மகளுக்கு முன்னால் போய் அந்தத் தோப்பு வீட்டில் உட்கார்ந்துகொள்ளவா?

நீங்கள் ஒரு தடவை முடிவை மாற்றினீர்கள். நான் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். "பெரம்பலூரு ஒண்ணு" என்று படித்தேன்.

அப்போதைக்கு வேறு ஊர் வாயில் வரவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளலாம். வந்தது. ஜெயங்கொண்டம் வந்தது, திருச்சி வந்தது. அங்கெல்லாம் அவளுக்கு யாரும் இல்லையே என்றுதான் தோன்றியது.

பிரவீணா திரும்பி என்னைப் பார்த்து, "பெரம்பலூரா? சரி, அவருகிட்டயே போறேன்" என்றாள். விரலில் இருந்த நூலை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டாள். பிறகு, அம்மா இங்க என்ன பண்றோம் என்று கேட்டாள்.

என்னை மன்னியுங்கள் தம்பி. உங்கள் அறைக்கு யாராவது வந்தார்களா?

அண்ணி

*

பெரம்பலூர்
18.2.1999

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அழைப்புப் பத்திரிகை வந்தது. அண்ணன் அழைக்க வந்து வெகுநேரம் கதவைத் தட்டியதும் தெரியும். திறக்கவில்லை என்று வருத்தப்பட்டிருப்பார். திறந்தால் அவரோடு ஊருக்குக் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் அப்படியே இருந்தேன். கிளம்பிவிடுவது என்று என்னைச் சொல்லவில்லை. அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள். நான் எழுதியதில் இல்லாத சரியான முடிவை நீங்கள்தான் எழுதினீர்கள். உண்டாக்கினவன் வீட்டுக்குத்தானே வரவேண்டும், வேறு எங்கே போவாள்?

எழுத்து மறுபடி ஓடுகிறது. ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறேன். டீச்சர் பள்ளிக்கூடம் போகிறாள், பூக்காரி பூ விற்கிறாள், யாரும் பள்ளத்துப் பக்கம் போவதில்லை. முடிவு மட்டும் எழுதுவதில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தால் சுண்டுவிரல் இறுகி நீலமாகிறது, பேனாவை வைத்துவிடுகிறேன். அதனால் எதையும் பத்திரிகைக்கு அனுப்ப முடியாது. பரவாயில்லை, கேட்க ஆள் இருக்கிறது.

பிரவீணாவும் மாப்பிள்ளையும் விருந்துக்கென்று இந்தப் பக்கம் வரவேண்டாம். நானும் அங்கே வருவதற்கில்லை. நான் இங்கே இருக்கிறவரை உங்கள் பெண்ணுக்கு ஒரு குறையும் வராது. பெரியப்பாவிடம் மட்டும், அவர் அக்கா அவரை விசாரித்ததாகச் சொல்லவும். யாராவது பெரம்பலூர் வந்தால் ஒரு புதுப் புடவை கொடுத்தனுப்புங்கள், மஞ்சள் கரை போட்டது. கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனால் போதும்.

ஊருக்குச் சர்க்கரை கொடுப்பதாக வேண்டிக்கொண்டீர்களே அண்ணி, கொடுத்துவிடுங்கள். இங்கே நாங்கள் நலம்.

முத்துவேல்